ஸ்டென்ட் வைத்தவர்களின் சி.ஆர்.பி. ரிப்போர்ட்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேள்வி பதில்

(பதில் சொல்பவன் ஓய்வு பெற்ற லேப் டெக்னீசியன். சி.ஆர்.பி. என்பது உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. மருந்தை மாற்றுவது உங்கள் டாக்டரின் வேலை.)

கோபாலபுரம்: அண்ணா, அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகிறது. பொள்ளாச்சி லேபில் சி.ஆர்.பி. 0.4 வந்தது. போன வாரம் பாலக்காட்டுச் சித்தூரில் எடுத்தால் 4. பத்து மடங்கு ஏறிவிட்டதே?

ஏறவே இல்லை, தம்பி. எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். முதலாவது டெசிலிட்டர் (லிட்டரில் பத்தில் ஒரு பங்கு) கணக்கு, இரண்டாவது லிட்டர் கணக்கு. 0.4ஐப் பத்தால் பெருக்கினால் அதே 4தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இதைக் கவனிக்காமல் ஒரு பெரியவரை ராத்திரியோடு ராத்திரியாகக் கோயம்புத்தூருக்கு ஓட விட்டிருக்கிறேன்.

ஆனால் அந்த 4ஐச் சும்மா விடவும் முடியாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அபாயம் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். சளி, ஈறு வீக்கம், மூட்டுவாதம் எதுவானாலும் இது ஏறும். 10ஐத் தாண்டினால் இதயக் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு, காய்ச்சலோ புண்ணோ இருக்கிறதா என்று தேட வேண்டும். உடம்பு தேறி இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுங்கள். சாதா சி.ஆர்.பி. வேண்டாம், ‘ஹை சென்சிடிவ்’ என்று கேட்டு எடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை: எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 62க்கு வந்துவிட்டது. அப்புறம் எதற்கு இந்த டெஸ்ட்?

நல்ல கேள்வி, அக்கா. ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு படிவதோடு வேலை முடிவதில்லை. நோய் எதிர்ப்பு செல்கள் அங்கே புகுந்து அழற்சி உண்டாக்கும். இன்டர்லூக்கின்-6 என்ற புரதம் வழியாகச் சேதி கல்லீரலுக்குப் போகும், கல்லீரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கும். சி.ஆர்.பி. சண்டைக்காரன் இல்லை, சண்டையின் சத்தம்.

2017இல் வந்த கான்டோஸ் ஆய்வு இதைக் காட்டியது. மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி. 2க்குக் குறையாமல் இருந்த பத்தாயிரம் பேருக்குக் கானகினுமாப் என்ற அழற்சி குறைக்கும் ஊசியையோ வெற்று ஊசியையோ போட்டார்கள். 150 மில்லிகிராம் மருந்து பெற்றவர்களுக்குக் கொழுப்பு குறையாமலே மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு 15 சதவீதம் குறைந்தன. ஆனால் நோய்த்தொற்றுச் சாவு கூடியது. நம் கையில் இருக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கொழுப்பு, அழற்சி இரண்டையுமே குறைக்கும். எல்.டி.எல். இறங்கிவிட்டது என்று அதை நிறுத்திவிடாதீர்கள்.

வேலந்தாவளம்: கண்வலிக்கிழங்கு இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?

ஐயா, கிழங்கைத் தொடாதீர்கள்! தின்று செத்தவர்கள் உண்டு.

பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று தெரிகிறது. மூலனூர், தாராபுரம் பக்கம் பந்தல் போட்டு வளர்க்கும் செங்காந்தள்தான் இது, மலையாளத்தில் மேந்தோன்னி. இதன் விதையிலிருந்து கால்ச்சிசின் எடுக்கிறார்கள், அழற்சியைக் குறைக்கும், கௌட் (யூரிக் அமில) மூட்டுவலிக்குப் பழைய மருந்து. 2020இல் நாள்பட்ட இதயநோயாளிகள் 5,522 பேரிடம் நடந்த ஆய்வில், தினம் 0.5 மில்லிகிராம் கால்ச்சிசின் எடுத்தவர்களுக்கு இதயப் பாதிப்புகள் 31 சதவீதம் குறைந்தன. 2024இல் மாரடைப்பு வந்த கையோடு கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. டாக்டர்களே இரண்டு பட்டு நிற்கிறார்கள். கிட்னி கோளாறு இருந்தாலோ, கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாலோ கால்ச்சிசின் ஆபத்து.

சித்தூர்: இ.எஸ்.ஆர். (ரத்தச் சிவப்பணு படியும் வேகம்) 40 இருக்கிறது. இதயத்துக்கு ஆபத்தா?

அதை வைத்துச் சொல்ல முடியாது. ரத்தசோகையிலும் ஏறும், வயதானாலும் ஏறும்.

சித்தூர், இன்னொருவர்: தென்னங்கள்ளு குடித்தால் சி.ஆர்.பி. குறையுமா?

கள்ளை நம்ப வேண்டாம். கூடவே இழுக்கும் பீடியை விடுங்கள், நாளடைவில் குறைய வாய்ப்பு உண்டு.