மருத்துவர் பதில்: வாப்பா சொன்ன எண் 7

கேள்வி: நாங்கள் கீழக்கரையைச் சேர்ந்தவர்கள். வாப்பாவுக்கு 66 வயது. வளைகுடாவில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில், கொதிகலன் குழாய்களைச் சுற்றியிருக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உறையைப் பிரித்தெடுக்கும் வேலையை 18 ஆண்டுகள் பார்த்தார்கள். இப்போது நுரையீரல் உறையில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வந்திருப்பதாக மதுரையில் சொல்லிவிட்டார்கள். சென்ற முறை செவிலியர் ஒரு தாளில் வெப்பமானி படத்தைக் காட்டி, மனக்கஷ்டம் எவ்வளவு என்று 0 முதல் 10 வரை ஓர் எண்ணைச் சொல்லச் சொன்னார். வாப்பா 7 என்றார்கள். உடனே மனநல மருத்துவரைப் பார்க்கும்படி எழுதிக் கொடுத்தார்கள். “ஏர்வாடிக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்களா?” என்று உம்மா அழுகிறார்கள். வாப்பாவோ, “தம்பியையும் அந்த வேலைக்கு இழுத்துக்கொண்டு போனேனே” என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்த எண்ணுக்கு என்ன பொருள்?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் உம்மாவின் பயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். வாப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகி இறந்ததைக் கேட்டு வளர்ந்த இந்தக் கரையில், மனநல மருத்துவர் என்ற சொல்லே ஒரு தாயை அழவைப்பதில் வியப்பில்லை. ஆனால், அந்தத் தாளுக்கும் அந்தப் பயத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

புற்றுநோயாளிகளின் மனத்துயரை விரைவாக அறிவதற்கென்று 1990களின் இறுதியில் உருவான அளவுகோல் அது. பொதுவாக 4 அல்லது அதற்கு மேல் சொன்னால், அவரிடம் உட்கார்ந்து விரிவாகப் பேச வேண்டும் என்று பொருள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. காய்ச்சல் 102 டிகிரி என்று தெரிந்தால் அது மலேரியாவா டைஃபாய்டா என்று தெரியாதல்லவா, அதைப் போலத்தான் இந்த 7.

அடுத்து, பெரும்பாலும் 14 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளைக் கேட்பார்கள். 1983இல் வெளிவந்த இது, பதற்றத்தையும் மனச்சோர்வையும் தனித்தனியே அளக்கிறது; ஒவ்வொன்றுக்கும் உச்ச மதிப்பெண் 21. பசியின்மை, உடல் அசதி போன்றவற்றை இதில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ஏனெனில் அவை புற்றுநோயாலும் மருந்தாலும் வரக்கூடியவை, அவற்றைக் கணக்கில் எடுத்தால் உடல் நோயையே மனநோய் என்று எண்ணிவிட நேரும்.

இவையெல்லாம் துயரத்தின் அளவைச் சொல்லுமே தவிர, அது எதைப் பற்றியது என்பதைச் சொல்லா. உழைத்த இடத்திலிருந்து நோய் வாங்கி வந்தவருடைய துயரம் தனி வகையானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எந்த வேலையால் வீடு கட்டி மகளைக் கட்டிக் கொடுத்தாரோ, அதே வேலைதான் நோயையும் கொடுத்தது. கல்நார்த் தூசியை மூச்சில் இழுத்து 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தே பெரும்பாலும் இந்த நோய் தலைகாட்டும் என்பதால், கோபப்படுவதற்குக்கூட எதிரில் ஆள் இருப்பதில்லை. அந்தக் கோபம் பல நேரங்களில் தன்மேலேயே திரும்பி, தம்பியை அழைத்துப் போன குற்ற உணர்வாக உட்கார்ந்துகொள்கிறது. இதை உணர்ந்துதான் இத்தாலிய உளவியலாளர்கள், மீசோதீலியோமா நோயாளிகளுக்கென்று ஒன்றும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கென்று ஒன்றுமாகத் தனி வினாத்தாள்களை உருவாக்கியிருக்கிறார்கள். ஆகவே, வாப்பா திரும்பத் திரும்பச் சொல்லும் அந்த வாக்கியத்தை ஒரு சொல்லும் மாறாமல் எழுதி எடுத்துச் சென்று மருத்துவரிடம் கொடுங்கள். அந்த 7இன் உள்ளடக்கம் அதில்தான் இருக்கிறது.

கேள்விகளுக்கு வாப்பாவே விடை சொல்லட்டும். முடிந்தால் நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள். பிள்ளைகள் எதிரில் இருந்தால், “எனக்கு ஒன்றுமில்லை” என்று 2ஐச் சொல்லிவிடும் தகப்பன்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எண்களில் பழக்கமில்லாதவரிடம், “நெஞ்சுப் பாரம் கொஞ்சமா, பாதியா, தாங்க முடியவில்லையா?” என்று கேட்டாலே போதும். ஒரு முறை அளந்ததோடு விடாமல், ஸ்கேன் முடிவு வரும்போதும் சிகிச்சை மாறும்போதும் மீண்டும் கேட்கச் சொல்லுங்கள். உம்மாவிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

வாழ்ந்து பயனில்லை, போய்ச் சேர்ந்தால் நல்லது என்ற பேச்சு வந்தால், அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். மூச்சுத்திணறலும் வலியும் குறையாமல் மனத்துயரம் குறைவது அரிது என்பதால், வலித் தணிப்புச் சிகிச்சையையும் இப்போதே கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அது வீட்டுக்கே வருகிறது.

அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது வாப்பாவின் தம்பியான உங்கள் சாச்சாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்த ஆண்டுகளில் என்ன வேலை பார்த்தார், புகைபிடிப்பவரா என்பதையெல்லாம் அவர் நுரையீரல் மருத்துவரிடம் சொல்லட்டும். கல்நாரில் வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை என்பதை, தம்பி பக்கத்தில் இருக்கும்போதே வாப்பா மருத்துவரின் வாயால் கேட்கட்டும்.