குளக்கட்டிலிருந்து ஒரு நாட்டைக் காட்டுதல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சியை அண்மையில் நிறைவு செய்திருக்கிறேன். இலங்கைக்கு முதன்முறையாக வருபவர்களுக்குத் தொல்நகரங்களை ஒரு நாளும் வனவிலங்குகளை இன்னொரு நாளுமாகக் காட்டும்போது, இரண்டும் தொடர்பில்லாத இரு நாடுகள்போல் ஆகிவிடுகின்றன. இவற்றை எப்படி இணைத்துச் சொல்வது? – வாசகி, வவுனியா

பதில்: உங்கள் விருந்தினர்களை முதலில் விகாரைக்கும் அழைத்துச் செல்லாதீர்கள், பூங்காவுக்கும் அழைத்துச் செல்லாதீர்கள், ஒரு குளக்கட்டில் கொண்டுபோய் நிறுத்துங்கள். அநுராதபுரமும் பொலநறுவையும் உலர்வலயத்தில் எழுந்த தலைநகரங்கள். அங்கே வடகீழ்ப் பருவமழை சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போனால் எஞ்சிய காலம் வறட்சிதான். அந்த மழையைத் தேக்கி வைக்கத் தெரிந்திராவிட்டால் வானுயர்ந்த தாதுகோபங்களும் இல்லை, அவற்றைக் கட்டியவர்களுக்குச் சோறும் இல்லை. அதே நீரை நம்பித்தான் இன்றைக்கு யானையும் மானும் நாரையும் வாழ்கின்றன.

ஒரு கிராமத்துக் குளத்தின் அமைப்பை ஆறுதலாக நடந்து காட்டினால் போதும். மேலே காட்டுக்குள் ஒரு சிறு குளம் இருக்கும். அது பாசனத்துக்குரியதன்று. மழைநீர் அடித்துவரும் வண்டலை அது தடுத்து நிறுத்தும்; காட்டு விலங்குகள் அங்கேயே நீர் அருந்திவிட்டுத் திரும்பிவிடும் என்பதால் வயலை நாடி இறங்கும் தேவையும் குறையும். பெரிய குளத்தின் நீரேந்து பக்கத்தில், காற்றின் வேகத்தைத் தணித்து நீர் ஆவியாவதைக் குறைக்கும் மரச்சோலையும், உள்ளே வரும் நீரை வடிகட்டும் புல்வெளியும் உண்டு. கட்டுக்குக் கீழே, வயலுக்குப் பாயும் கசிவுநீரிலிருந்து உப்பை உறிஞ்சிக்கொள்ளும் செடிகொடிகள் அடர்ந்த ஒரு துண்டு நிலம் விடப்பட்டிருக்கும். வயல்களைக் கடந்து வடியும் நீர் அடுத்த குளத்தைச் சேரும், அங்கிருந்து அதற்கடுத்ததை. இந்தக் குளத்தொடர் முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றுக்கொண்டது. மரபுக்கும் இயற்கைக்கும் இடையே எல்லைக்கோடு போட முடியாத இடம் இது என்பதை எந்த விரிவுரையும் இல்லாமலே அவர்கள் கண்டுகொள்வார்கள்.

குன்றின்மேல் எழுந்த கோட்டையான சிகிரியாவையும் இதே வழியில் அணுகலாம். பெரும்பாலானோர் குன்றின் அடிவாரத்தில் கதையைத் தொடங்குகிறார்கள். நீங்கள் கலாவாவி என்னும் பெருங்குளத்தில் தொடங்குங்கள். அதைக் கட்டியவன் ஐந்தாம் நூற்றாண்டு மன்னன் தாதுசேனன். அவனைச் சிறைப்பிடித்த மகன் காசியப்பன் மறைத்து வைத்த செல்வத்தைக் கேட்டபோது, தாதுசேனன் இந்த வாவிக்கு வந்து நீராடி, நீரைக் காட்டி, தன் செல்வமெல்லாம் இதுவே என்று சொன்னதாகவும், அதற்காகவே கொல்லப்பட்டதாகவும் பழைய பாளி வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது. கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துத் திசா வாவிக்கு நீர் கொண்டுசெல்லும் யோத எல என்னும் கால்வாய் 87 கிலோமீற்றர் நீளமானது. அதன் தொடக்கப் பகுதியில் சரிவு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் மட்டுமே. இவற்றைக் கேட்ட பின்னர் சிகிரியாவின் நீர்த் தோட்டங்களில் நிற்பவர், தந்தையின் கலை மகனின் கோட்டைக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்று தாமாகவே கேட்பார். காசியப்பனின் ஆட்சி 477 முதல் 495 வரை நீடித்தது. ஓவியங்களைவிட அந்தத் தோட்டங்களுக்கு நான் அதிக நேரம் ஒதுக்குவேன்.

கேள்வி: யானைகள் பெருங்கூட்டமாகச் சேர்வதைப் பார்க்கப் பிள்ளைகளுடன் இலங்கைக்கு வர விரும்புகிறோம். எந்த மாதம் ஏற்றது? – வாசகர், சென்னை

பதில்: மின்னேரியாக் குளத்தைச் சூழ்ந்த தேசியப் பூங்காவில் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்கள். மூன்றாம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் கட்டிய அந்தப் பெருங்குளத்தின் நீர் கோடையில் வற்றி உள்வாங்கும்போது, குளத்தின் படுகையில் பசும்புல் முளைக்கிறது. சுற்றுவட்டாரம் முழுவதும் காய்ந்து கிடக்கும் வேளையில் நீரும் புல்லும் ஓரிடத்தில் கிடைப்பதால், நல்ல ஆண்டுகளில் இருநூறு, முந்நூறு யானைகள்வரை அங்கே கூடுகின்றன. குட்டிகளை நடுவில் விட்டுப் பெண் யானைகள் மேய்வதைப் பிள்ளைகள் நெடுநேரம் பார்த்திருக்கலாம். மனிதன் வெட்டிய குளம் ஒன்று பதினேழு நூற்றாண்டுகள் கழித்து யானைகளின் மேய்ச்சல் நிலமாக இருப்பதை அவர்களுக்கு மறவாமல் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு வாருங்கள். மொறகஹகந்த நீர்த்தேக்கம் 2018 இல் செயற்படத் தொடங்கிய பின்னர், அங்கிருந்து திறக்கப்படும் நீரால் சில ஆண்டுகளில் மின்னேரியாக் குளம் கோடையிலும் நிறைந்தே இருந்தது. புல்வெளி நீரில் மூழ்கியதால் யானைகளின் வருகையும் குறைந்தது. விவசாயிக்கு நீர் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த மாதத்தில் எவ்வளவு நீர் என்பதைத் தீர்மானிக்கும்போது யானையையும் ஒரு பங்காளியாகக் கருதத்தான் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் 5,879 காட்டு யானைகள் இருந்தன. 2023 ஆம் ஆண்டில் மட்டும் 450க்கும் அதிகமானவை இறந்தன. யானையால் பயிரையும் உயிரையும் இழக்கும் குடும்பங்களும் இதே ஊர்களில்தான் வாழ்கின்றன. பிள்ளைகள் கேட்டால் இவ்விரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மின்னேரியாவில் யானைகளைக் காண முடியாத நாளில், அருகிலுள்ள கவுடுல்ல தேசியப் பூங்காவில் காணக்கூடும் என்பதால் அன்று காலையிலேயே சாரதியிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். யானைச் சவாரியைத் தவிர்த்துவிடுங்கள். யானைக் குட்டிகளை அருகில் பார்க்க வேண்டுமானால் உடவளவையில் 1995 இல் தொடங்கப்பட்ட யானைக் குட்டிகளுக்கான இடைத்தங்கல் நிலையத்துக்குச் செல்லலாம். தாயை இழந்த குட்டிகள் அங்கே பால் கொடுத்து வளர்க்கப்பட்டு, வளர்ந்தபின் மீண்டும் காட்டில் விடப்படுகின்றன. அதனால் பார்வையாளர்கள் அவற்றைத் தொட அனுமதி இல்லை. அந்தக் கட்டுப்பாட்டுக்காகவே அந்த இடத்தை நான் பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: வெளிநாட்டவருக்கு நாட்டின் தொன்மையைக் காட்டும்போது தமிழோடு தொடர்புடையவற்றை எங்கே காட்டலாம்? – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: தனியாக ஒரு பயணம் தேவையில்லை, வழக்கமான பாதையிலேயே அவை இருக்கின்றன, நின்று காட்டுவோர்தான் குறைவு. பொலநறுவையில் இரண்டாம் சிவாலயம் எனப்படும் வானவன் மாதேவி ஈஸ்வரம், சோழர் அந்நகரைச் சனநாதமங்கலம் என்ற பெயரில் ஆண்ட காலத்தில் கட்டப்பட்டது; முதலாம் இராசராசனின் தேவியின் பெயரைத் தாங்கியது. அதே நகரில், புத்தரின் புனிதத் தந்தம் வைக்கப்பட்ட கோயிலைக் காப்போம் என்று மன்னருக்குப் பணிபுரிந்த வேளைக்காரர் என்னும் படையினர் தமிழில் பொறித்த கல்வெட்டு உண்டு. பௌத்தத் திருவிடம், தமிழ்க் காவல் என்ற இந்தச் செய்தியைக் கேட்ட பயணி, இத்தீவின் வரலாற்றை இரண்டு கட்சிகளின் சண்டையாக மட்டும் எண்ணிக்கொண்டு ஊர் திரும்ப மாட்டார். கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்த காலிக் கல்வெட்டையும் காட்டுங்கள். சீனக் கடலோடி செங் கே பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்த கல் அது.

பொலநறுவையின் இடிபாடுகளுக்கிடையே தாவித் திரியும் குரங்குகளையும் விட்டுவிடாதீர்கள். தலையுச்சியில் மயிர் வட்டமாகப் படிந்திருக்கும் அந்த இனம் இலங்கைக்கே உரியது. அங்குள்ள கூட்டங்களை ஆய்வாளர்கள் 1968 முதல் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து பதிவு செய்து வருகிறார்கள்.

நேரம் இருந்தால் மன்னாருக்கும் அழைத்து வாருங்கள். திருக்கேதீச்சரம், பழமையான கட்டுக்கரைக்குளம், அரபு வணிகர் கொண்டுவந்ததாகக் கருதப்படும் பெருக்கமரம் (பாவோபாப்) ஆகியவை ஒரே நாளில் பார்க்கக்கூடிய தொலைவில் உள்ளன. மாரிகாலத்தில் வங்காலைச் சரணாலயத்தின் உப்பங்கழிகளில் வலசைப் பறவைகள் நிறைந்திருக்கும். ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் சர்வதேச சாசனத்தின்கீழ் 2010 இல் பதிவான இடம் அது. பூநாரைகளைக் காண்பதற்கு அதிகாலையில் போவதே நல்லது.

கேள்வி: பயணிகள் அறியாமல் செய்யும் தவறுகளில் எவற்றை முதலில் சொல்லி வைக்க வேண்டும்? – வாசகர், கண்டி

பதில்: புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது என்பதையும், தாதுகோப வளாகத்துக்குள் பாதணியும் தொப்பியும் கழற்ற வேண்டும் என்பதையும் வாகனத்தை விட்டு இறங்குமுன்பே சொல்லிவிடுங்கள். நண்பகலில் கல்தளம் காலைச் சுடும் என்பதால் காலுறை கொண்டுவரச் சொல்லலாம். சிகிரியா ஓவியங்களைப் படமெடுக்கத் தடை உள்ளது. தேசியப் பூங்காக்களில் அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியிலிருந்து இறங்கக் கூடாது. வீதியோரத்தில் மின்வேலிக்கு அப்பால் நின்று கையேந்தும் யானைக்கு வாழைப்பழம் நீட்டுவதை எந்தச் சூழ்நிலையிலும் அனுமதிக்காதீர்கள். அப்படிப் பழகிய யானை நாளை வண்டிகளை மறிக்கும், அதன்பின் அதைச் சுட வேண்டும் என்ற குரல் எழும்.