தட்டிப் பார்க்காதீர்கள், பேச விட்டுக் கேளுங்கள்: புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் கேள்வி-பதில்

கேள்வி: கடையில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒன்றில் எல்லாமே பளிச்சென்று கேட்டது, அதையே வாங்கினேன். வீட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் கேட்க முடியவில்லை. காது சலித்துப் போகிறது. எங்கே தவறினேன்?

உங்கள் காதில் குறை இல்லை, ஒப்பிட்ட விதத்தில்தான் குறை. ஒரு ஸ்பீக்கர் மற்றதைவிட 1 டெசிபல் கூடுதலாக ஒலித்தால், சத்தம் கூடியிருப்பதாக நமக்குத் தோன்றாது. தெளிவு கூடியிருப்பதாகத்தான் தோன்றும். ஆகவே ஒவ்வொரு ஜோடிக்கும் வால்யூமைத் தனித்தனியாகச் சரிசெய்துவிட்டு ஒப்பிட வேண்டும். ஒரே இடத்தில் வைத்து அளப்பதானால் போனில் இருக்கும் ஒலி அளக்கும் ஆப்பே போதும்.

அடுத்தது ட்ரெபிள், அதாவது கீச்சென்ற உயர் ஒலி. அதைக் கொஞ்சம் தூக்கலாக வைத்த ஸ்பீக்கர் முதல் ஐந்து நிமிடத்தில் மயக்கிவிடும், அப்புறம் குத்த ஆரம்பிக்கும். நான் எந்த ஸ்பீக்கரையும் முதலில் ஒரு ஆள் பேசும் பதிவைப் போட்டுத்தான் கேட்பேன். பிறந்தது முதல் கேட்டுப் பழகிய ஒலி மனிதக் குரல். அதில் பொய் கலந்தால் உடனே தெரிந்துவிடும். மூக்கால் பேசுவது போல இருக்கிறதா, குடத்துக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறதா, 'ஸ்', 'ஷ்' வரும்போது ஊசி போல இறங்குகிறதா என்று கவனியுங்கள். பிறகு தனிப் பியானோ: மேலேறிப் போகும்போது ஏதாவது ஒரு சுரம் மட்டும் முந்திக்கொண்டு வருகிறதா என்று கேளுங்கள். பேஸ் அதிரும் பாட்டெல்லாம் கடைசியில்தான்.

முடிந்தால் எந்த ஜோடி ஒலிக்கிறது என்று தெரியாமல் கேளுங்கள். ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட சோதனையில், அதே ஆட்கள் அதே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் கேட்டபோது ஒரு மாதிரியும், பார்த்துக்கொண்டே கேட்டபோது வேறு மாதிரியும் மதிப்பெண் போட்டார்கள். கம்பீரமான பெட்டிக்குக் கண் தனியாக மார்க் கொடுத்துவிடுகிறது.

கேள்வி: பெட்டியை விரலால் தட்டினால் கட்டை போல 'டொக்' என்று கேட்க வேண்டும், கனமாகவும் இருக்க வேண்டும் என்கிறார்கள். இதை நம்பலாமா?

பாதிதான் நம்பலாம். பெட்டியின் சுவரும் ஒலிக்கிறது என்பது உண்மை. பக்கவாட்டுச் சுவர் ஏதோ ஒரு அதிர்வெண்ணில் பாட ஆரம்பித்தால், வூஃபர் (கீழ் ஒலியைத் தரும் பெரிய கூம்பு) நின்ற பிறகும் அது இழுத்துக்கொண்டே இருக்கும். ஆண் குரல் கரகரப்பாகக் கேட்பதற்கு இது ஒரு காரணம். மரநாரை அழுத்திச் செய்த கனத்த எம்டிஎஃப் பலகையும் உள்ளே குறுக்குக் கட்டைகளும் போடுவது இதைத் தடுக்கத்தான்.

ஆனால் அது ஒன்றே வழி இல்லை. 1970-களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற குட்டி ஸ்பீக்கரின் சுவர் மெல்லிய பிர்ச் பிளைவுட். உட்புறம் தார் கலந்த அட்டையை ஒட்டி, அதிர்வு சீக்கிரம் அடங்கும்படி செய்திருந்தார்கள். தட்டிப் பார்த்தே தேர்வு செய்பவர் அதை ஒதுக்கியிருப்பார். குரலை அத்தனை இயல்பாகக் கொடுத்த சின்னப் பெட்டிகள் மிகக் குறைவு.

கேள்வி: கெவ்லார் கூம்பு, பெரிலியம் ட்வீட்டர், பட்டு டோம். இதில் எது நல்லது?

பொருளின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வூஃபரில் அசைவது கூம்பு, உயர் ஒலியைத் தரும் சின்ன ட்வீட்டரில் பெரும்பாலும் டோம். உலோகக் கூம்பு விறைப்பானது, ஆனால் ஒரு அதிர்வெண் எல்லையைத் தாண்டினால் மணி போல ஒலிக்கும். அதை கிராஸ்ஓவர், அதாவது ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் சுற்று, அடக்கியிருக்க வேண்டும். காகிதக் கூம்பு மெதுவாக, அமைதியாகத் தடுமாறும். அந்தக் கூம்பை வடிவமைத்தவர் எப்படிக் கையாண்டிருக்கிறார் என்பதுதான் காதில் விழும்.

கேள்வி: நடுவில் உட்கார்ந்தால் அருமை. சோஃபாவின் ஓரத்துக்குப் போனால் குரல் மங்கிவிடுகிறது. ஏன்?

நல்ல கேள்வி. வடிவமைப்பின் தரத்தை இங்கேதான் பார்க்க முடியும். ஆறரை அங்குல வூஃபரில் அசையும் கூம்பின் விட்டம் சுமார் 13 செ.மீ. 2,500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்த இடத்துக்கு வரும்போது வூஃபர் டார்ச் லைட் போல நேராக மட்டும் அடிக்கும். அதற்கு மேல் பொறுப்பேற்கும் ஒரு அங்குல ட்வீட்டரோ அறை முழுக்கப் பரப்பும். இரண்டும் கைமாறும் இடத்தில் பக்கவாட்டு ஒலியில் ஒரு பள்ளம் விழுகிறது. நடுவில் உட்கார்ந்தவருக்கும் இது பாதிப்புதான், ஏனென்றால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்துதான் அவர் காதுக்கு வருகிறது.

ட்வீட்டரைச் சுற்றி ஆழமில்லாத கிண்ணம் போல ஒரு குழிவு சில ஸ்பீக்கர்களில் இருக்கும். வேவ்கைடு என்பார்கள். பலர் அதை அழகுக்கு என்று நினைக்கிறார்கள். ட்வீட்டரின் பரவலைக் குறுக்கி வூஃபரோடு ஒத்துப்போகச் செய்வதுதான் அதன் முதல் வேலை. சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பிங்க் நாய்ஸ் என்ற இரைச்சலை ஓட விட்டு, மெதுவாகப் பக்கவாட்டில் நகருங்கள், பிறகு எழுந்து உட்காருங்கள். இரைச்சலின் நிறம் படிப்படியாக மாறினால் சரி. திடீரென்று மாறினால் வேறு ஜோடி பாருங்கள்.

கேள்வி: பெட்டியில் 38 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. பேஸ் கிதாரின் கீழ்த்தந்தி சரியாகவே கேட்கவில்லை.

அந்தத் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். 38 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனை டெசிபல் இறக்கம் என்று பாருங்கள். மைனஸ் 3 என்றால் மதிக்கலாம். மைனஸ் 10 என்றால் காதுக்கு ஒலி அங்கே பாதியோ அதற்கும் குறைவோதான் என்று பொருள். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த பவரில் நிறையச் சத்தம். இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும், இது இயற்பியல். மூன்றையும் தருவதாகச் சொல்லும் விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

கேள்வி: பின்பக்கம் போர்ட் உள்ள ஸ்பீக்கரைப் புத்தக அலமாரியில் வைக்கலாமா? பெயரே புக்‌ஷெல்ஃப் தானே?

1954-இல் எட்கர் வில்ச்சர் என்ற ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் அடைத்த பெட்டிக்குள் இருக்கும் காற்றையே ஸ்பிரிங் போலப் பயன்படுத்தி, சின்னப் பெட்டியிலும் ஆழமான பேஸ் வரும் என்று காட்டினார். ஸ்பீக்கர் அலமாரிக்குப் போக வழிவகுத்தது அதுதான். இன்று விற்பவற்றில் பெரும்பாலானவை போர்ட், அதாவது காற்று போய்வரும் துளை, வைத்தவை. பின்பக்கம் போர்ட் இருந்தால் சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி, காது உயரத்தில் ட்வீட்டர் வருமாறு ஸ்டாண்டில் வைப்பதுதான் நல்லது.

அலமாரியைத் தவிர வேறு வழி இல்லையா? அடைத்த பெட்டியோ முன்பக்க போர்ட் உள்ளதோ வாங்கி, அலமாரியின் முன் விளிம்புவரை இழுத்து வையுங்கள். பக்கத்தில் வெற்றிடம் விடாமல் புத்தகங்களை அடுக்குங்கள். சுவர் நெருக்கத்தால் பேஸ் வீங்கும், அதை டோன் கன்ட்ரோலில் குறைத்துக்கொள்ளலாம், தப்பே இல்லை.

கேள்வி: 84 டெசிபல், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 40 வாட் ஆம்ப் போதுமா?

அந்த 84 என்பது ஒரு மீட்டர் தூரத்தில் வரும் சத்தம், பெரும்பாலும் 2.83 வோல்ட்டில் அளந்தது. 4 ஓமில் அது 2 வாட். ஆக ஒரு வாட்டுக்கு 81 தான். பவரை இரட்டித்தால் 3 டெசிபல் கூடும், எனவே 16 வாட்டில் 93. இரண்டரை மீட்டர் தள்ளி, இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து 90-க்கு அருகில் வரும். வீட்டுக்கு இது தாராளம். ஆம்ப் 4 ஓமைத் தாங்குமா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நூறு மணி நேரம் ஓட்டினால்தான் ஸ்பீக்கர் 'திறக்கும்' என்கிறார்களே?

வூஃபரின் ரப்பர் விளிம்பு முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் தளரும். அதற்கு மேல் பழகுவது பெரும்பாலும் உங்கள் காதுதான். முதல் வாரத்தில் குரல் பிடிக்கவில்லை என்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.