வாய்க்காலில் டிரவுட்: தூண்டிலுக்கு முன் தலைமதகைப் பாருங்கள்

கேள்வி: மொன்டானா மாநிலத்தில் போஸ்மன் நகருக்கு வெளியே வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். வீட்டை ஒட்டி, குதிரைமசால் வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. ஆறடி அகலம் இருக்கும். அதில் டிரவுட் மீன்கள் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக ஆற்றில் ஃப்ளை ஃபிஷிங் (‘ஃப்ளை’ எனும் செயற்கைப் பூச்சியைத் தூண்டில்முள்ளில் கட்டி வீசிப் பிடிக்கும் முறை) பழகிவருகிறேன். மீன்பிடி உரிமமும் இருக்கிறது. ஒன்பது வயது மகனை அழைத்துக்கொண்டு அந்த வாய்க்காலில் பிடிக்கலாமா? ஆற்றில் பிடிப்பதற்கும் இதற்கும் முறையில் என்ன வேறுபாடு? பிடித்ததைச் சாப்பிடலாமா? இலையுதிர்காலத்தில் தண்ணீரை நிறுத்திய பிறகு இந்த மீன்கள் என்ன ஆகும்?

பதில்: நீங்கள் கேட்டிருக்கும் எல்லாவற்றுக்கும் விடை அந்த வாய்க்காலின் தலைமதகிலிருந்து தொடங்குகிறது. ஆற்று நீரை அங்கே யார், எந்த உரிமையின்பேரில் திருப்புகிறார்கள், எப்போது திறக்கிறார்கள், எப்போது அடைக்கிறார்கள் என்பது தெரிந்தால்தான், நீங்கள் அதில் கால் வைக்கலாமா, மீன் எங்கே நிற்கும், எந்த நாளில் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்ய முடியும். ஆகவே முதலில் வரைபடத்திலும் பொதுச்சாலைகள் வழியாகவும் வாய்க்காலை மேல்நோக்கித் தொடர்ந்து போய், அது ஆற்றிலிருந்து பிரியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, மீன்பிடி உரிமம் இருப்பதால் மட்டும் வாய்க்காலில் இறங்கும் உரிமை கிடைத்துவிடாது. மொன்டானாவின் உச்ச நீதிமன்றம் 1984-இல் வழங்கிய இரண்டு தீர்ப்புகளையும் அவற்றைத் தொடர்ந்து 1985-இல் இயற்றப்பட்ட ஓடை அணுகல் சட்டத்தையும் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். இயற்கையான ஆறுகளிலும் ஓடைகளிலும், கரைநிலம் யாருடையதாக இருந்தாலும், நீர் வழக்கமாக ஏறும் உயரக் குறிக்கு உட்பட்ட பகுதியில் பொதுமக்கள் நின்று மீன்பிடிக்கலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அமெரிக்க மேற்கில் இவ்வளவு தாராளமான சட்டம் அரிது. வயோமிங்கிலும் கொலராடோவிலும் தனியார் நிலத்தின் ஊடே ஓடும் இயற்கையான ஆற்றில்கூட, அனுமதியின்றி அடிப்படுகையில் கால் ஊன்றினால் அது அத்துமீறல்தான். ஆனால் பயன்பாட்டுக்காக ஆற்றிலிருந்து திருப்பப்பட்ட நீரை மொன்டானாவின் சட்டமும் தெளிவாக விலக்கி வைக்கிறது. உரிமையாளர் பொதுமக்களுக்கு அனுமதி தந்திருந்தாலன்றி, பாசன வாய்க்காலில் உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

எது வாய்க்கால், எது ஓடை என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் மிட்செல் ஸ்லூ என்றொரு நீர்வழி இருக்கிறது. ஆற்றிலிருந்து தலைமதகு வழியாக நீர் வாங்கி, வயல்களுக்குப் பாய்ச்சி, மறுபடியும் ஆற்றில் சேரும் அதை வெறும் வாய்க்கால் என்று கரையோர நில உரிமையாளர்கள் வாதிட்டார்கள். கீழ் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. 2008-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. மனிதர்கள் மதகு வைத்ததாலோ கரையைத் திருத்தியதாலோ ஓர் ஓடை தன் இயற்கைத் தன்மையை இழந்துவிடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். போஸ்மன் அமைந்துள்ள கேலட்டின் பள்ளத்தாக்கிலும் பழைய ஓடைகள் பல பாசன நீரைச் சுமக்கின்றன. நேர்க்கோடாக வெட்டப்பட்டிருப்பதும், ஒரு பக்கக் கரையில் வண்டிப்பாதை இருப்பதும், குளிர்காலத்தில் முழுக்க வறண்டுபோவதும் வாய்க்காலின் அடையாளங்கள் என்றாலும், சந்தேகம் இருந்தால் மாநில மீன், வனவிலங்கு மற்றும் பூங்காத் துறையின் போஸ்மன் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அது வாய்க்கால்தான் என்றால், அனுமதி யாரிடம் கேட்பது? பெரும்பாலும் வாய்க்கால் நிறுவனத்துக்கு இருப்பது நீரைக் கொண்டுபோகவும் தூர்வாரவும் உள்ள வழியுரிமை மட்டுமே. நிலம் அதன் ஊடே போகும் பண்ணைக்காரருடையதாகவே இருக்கும். எனவே உங்கள் வீட்டுக்காரரின் அனுமதி அவருடைய வேலி வரைதான் செல்லும். அடுத்த வேலிக்கு அடுத்தவரைக் கேட்க வேண்டும். வேலிக்கம்பத்தில் பளிச்சென்ற ஆரஞ்சு வண்ணம் பூசியிருந்தால், மொன்டானாவில் அது ‘உள்ளே வராதே’ என்ற பலகைக்குச் சமம். கையில் தூண்டில் இல்லாமல், மாலை நேரத்தில், நேரில் போய்க் கேளுங்கள். எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கூடவே வாய்க்காலில் நீர் முறை பார்க்கும் டிச் ரைடரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நம் ஊரில் பாசன நீரைத் திறந்து பங்கிட்டுவிடும் நீர்க்கட்டியின் வேலையைச் செய்யும் அவருக்குத்தான் எந்த மதகு எந்த நாள் திறக்கும் என்பது தெரியும். மதகின் திருகையோ நீரை மறிக்கும் பலகைகளையோ எக்காரணத்தைக் கொண்டும் தொடாதீர்கள். அது குற்றம், அதைவிட முக்கியமாக, முதலில் எடுத்தவருக்கே முதல் உரிமை என்ற விதியின்கீழ் அளந்து பங்கிடப்படும் நீர் அது. ஒரு பலகையை நகர்த்தினால் கீழே ஒருவருடைய வயல் காயும்.

அனுமதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு மீனுக்கு வருவோம். பாசனப் பருவத்தின் தொடக்கத்தில் மதகு திறக்கும்போது, ஆற்றில் கரையோரமாக நிற்கும் குஞ்சுகளும் நடுத்தர மீன்களும் நீரோடு உள்ளே வந்துவிடுகின்றன. தலைமதகில் தடுப்புத்திரை இல்லாத இடங்களில் இது ஆண்டுதோறும் நடக்கிறது. உங்கள் வாய்க்காலில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பிரவுன் டிரவுட்டாக இருக்கும். நிழலையும் கரைக்குடைவையும் விரும்பும் அந்த இனம், சற்றே வெதுவெதுப்பான நீரையும் தாங்கும். இடையில் ரெயின்போவும், குளிர்ந்த ஓடையிலிருந்து பிரியும் வாய்க்காலானால் புரூக் டிரவுட்டும் இருக்கலாம்.

ஆற்றில் கற்பாறையும் திட்டும் மடுவும் மீனுக்கு ஆயிரம் இடம் தருகின்றன. வாய்க்காலோ ஒரே அகலத்தில், ஒரே ஆழத்தில், ஒரே வேகத்தில் வெட்டப்பட்டது. நடுநீரின் வேகத்தில் மீன் நாள் முழுவதும் நிற்காது. ஆகவே அந்த ஒரே சீர் எங்கே கெடுகிறதோ அங்கே மட்டும் தேடுங்கள். தலைமதகுக்குக் கீழே நீர் கொட்டிப் பறித்த குழி முதல் இடம். சாலையின் அடியில் போகும் குழாயின் வெளிவாய் இரண்டாவது. அங்கே குழாயின் நிழல் முடியும் கோட்டுக்குச் சற்று உள்ளே பெரிய மீன் ஒன்று நிற்பது வழக்கம். வில்லோ மரவேர்கள் கரையைப் பிடித்திருக்கும் வளைவுகள், புல் கவிந்து நீரைத் தொடும் விளிம்புகள், கிளை வாய்க்கால் பிரியும் பெட்டிகள் ஆகியவையும் பார்க்கத் தக்கவை. இவற்றுக்கு இடைப்பட்ட நேர்வாய்க்காலில் நேரம் செலவிட வேண்டாம்.

பலகைத் தடுப்பு ஒன்றைக் கூர்ந்து கவனியுங்கள். பலகையின் மேல்விளிம்பில் நீர் கண்ணாடிபோல் வழிந்து கீழே விழுந்ததும் வெண்ணுரையாகிறது. நுரையின் இரு பக்கமும் கரையை ஒட்டி நீர் மெல்ல மேல்நோக்கித் திரும்புகிறது. ஓடும் நீரும் திரும்பும் நீரும் உரசும் கோட்டில், புல் துணுக்குகளும் செத்த எறும்புகளும் நுரைப்பொட்டுகளும் வரிசையாக இறங்கிவரும். மீனின் மூக்கு அந்தக் கோட்டிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கும். ஃப்ளை அந்தக் கோட்டின் தலைப்பில் விழுந்து, கோட்டோடு கோடாக மூன்றடி வந்தால் போதும். அதற்குமேல் வருவது வீண். முதல் வீச்சு சரியாக விழாவிட்டால் உடனே இழுக்காதீர்கள். குழியைத் தாண்டிப் போகவிட்டு மெதுவாக எடுங்கள். இவ்வளவு குறுகிய நீரில் இரண்டாவது வாய்ப்பு சில நேரம் கிடைக்கும், மூன்றாவது கிடைக்காது.

வாய்க்கால் மீன்பிடிப்பில் வீச்சைவிட அணுகுமுறையே பெரிது. கீழ்நீரிலிருந்து மேல்நோக்கிப் போங்கள், ஏனென்றால் மீன் தலையை நீர் வரும் திசையில் வைத்திருக்கும். கரை வெறும் குவித்த மண் ஆதலால், நடக்கும் அதிர்வு நேரே நீருக்குள் போகும். கடைசி இருபதடியை முழங்காலில் கடப்பது மிகையான எச்சரிக்கை ஆகாது. நீருக்குள் இறங்கவே வேண்டாம். புதிதாகக் குட்டைத் தூண்டில் வாங்க வேண்டும் என்று கடையில் சொல்வார்கள். வில்லோ அடர்ந்த வாய்க்காலுக்கு ஏழடி நீளமும் மூன்றாம் எண் எடையும் (மெல்லிய, இலகுவான வகை) உள்ள தூண்டில் வசதிதான். ஆனால் உங்களுடையது போன்ற திறந்த புல்கரைக்கு, ஆற்றில் பயன்படுத்தும் ஒன்பதடித் தூண்டிலே மேல் என்பது என் கருத்து. நீளம் இருந்தால், பின்னால் தள்ளி மண்டியிட்டபடியே லைனைப் புல்லுக்கு மேல் தூக்கிப் பிடித்து, அதன் முனையில் கட்டும் மெல்லிய நரம்பான லீடரின் நுனியை மட்டும் நீரில் படவிடலாம். பின்வீச்சுக்கு இடமில்லாத இடத்தில், முள்ளின் வளைவை இரு விரல்களால் பிடித்துப் பின்னுக்கு இழுத்து, தூண்டில் வில்லாக வளைந்ததும் விட்டுவிடும் முறையைப் பழகுங்கள். பதினைந்து அடிக்கு அது துல்லியமாகப் போகும்.

ஃப்ளை தேர்வில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. ஆற்றில் நீர்ப்பூச்சிகள் கூட்டமாக மேலெழும் நேரத்தைக் கணக்கிட்டுப் பிடிப்பதுபோல வாய்க்காலில் பிடிக்க முடியாது; இங்கே உணவில் பெரும்பங்கு கரையிலிருந்து விழுவது. ஜூலை பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை வெட்டுக்கிளி, எறும்பு, வண்டு ஆகிய மூன்றின் வடிவங்கள் போதும். குதிரைமசால் அறுக்கும் நாளில் வெட்டுக்கிளிகள் வெட்டாத ஓரத்துக்கு ஒதுங்கி வாய்க்கால் கரைக்கு வரும். அன்று காற்றும் வாய்க்கால் பக்கம் வீசினால், எட்டு அல்லது பத்தாம் எண் வெட்டுக்கிளி ஃப்ளையைப் புல் விளிம்பிலிருந்து சொத்தென்று விழவிடுங்கள். மென்மையாக வைக்க முயல வேண்டாம். பருவத் தொடக்கத்தில் நீர் கலங்கியிருக்கும்போது சான் வான் வோர்ம் போன்ற மண்புழு வடிவமும், நீர்ப்பாசி அடர்ந்த பகுதியில் சிற்றிறால் வடிவமும் பயன்படும். எல்லாவற்றிலும் தூண்டில்முள்ளின் எதிர்முள்ளை (கழன்றுவிடாமல் பிடிக்கும் பின்நோக்கிய சிறு முனையை) நசுக்கிவிடுங்கள்.

வெயில்காலத்தில் இதைவிட முக்கியமான கருவி வெப்பமானி. ஆழமில்லாத, நிழலில்லாத வாய்க்கால் ஆற்றைவிட வேகமாகச் சூடேறும். நீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் பிடித்து விடப்படும் டிரவுட் நீந்திப் போனாலும் பிழைப்பது நிச்சயமில்லை. ஆறுகளில் வெப்பம் மூன்று நாள் தொடர்ந்து சுமார் 23 டிகிரியைத் தொடும்போது, பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்க மாநிலத் துறை தடை விதிப்பதுண்டு. வாய்க்காலுக்கு அப்படி யாரும் வந்து அறிவிக்கப்போவதில்லை. நீங்களே அளந்து, நீங்களே நிறுத்திக்கொள்ள வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் விடிந்ததும் போய் எட்டு மணிக்குத் திரும்பிவிடுவது நல்லது.

சாப்பிடுவதைப் பற்றி: வேண்டாம் என்றே சொல்வேன். வாய்க்கால்களில் பாசியை அழிக்கத் தாமிர சல்பேட், அக்ரோலின் போன்ற மருந்துகள் சில இடங்களில் பயன்படுத்தப்படுகின்றன. அக்ரோலின் மீன்களுக்குக் கொடிய நஞ்சு. வயல்களிலிருந்து வழிந்து திரும்பும் நீரில் களைக்கொல்லியும் உரமும் கலந்திருக்கக்கூடும். மருந்து விடும் நாட்களை டிச் ரைடரிடம் கேட்டுக்கொண்டு, அந்நாட்களில் நீங்களும் மகனும் அந்த நீரில் கைகூட நனைக்காமல் இருங்கள்.

மகனை அழைத்துப் போகலாம், ஆனால் மண்கரை வாய்க்காலுக்கு மட்டும். சிமென்ட் பூசிய சரிவுக்கரை உள்ள கால்வாய்க்கு வேண்டாம். பாசி படிந்த அந்தச் சரிவில் விழுந்தவர் பெரியவராயினும் ஏறிவருவது கடினம். குழாயின் உள்வாய்ப் பக்கமும், குப்பை தடுக்கும் கம்பிச் சட்டங்களின் பக்கமும் அவனை விடாதீர்கள், ஏனென்றால் நீரின் இழுப்பு அங்கே மேற்பரப்பில் தெரியாது. ஆற்றின் குறுக்கே உள்ள தடுப்பணைக்குக் கீழே சுழன்று திரும்பும் நீர் இதைவிட ஆபத்தானது. நல்ல மீன்கள் அங்கே நிற்கும். பொதுமக்களுக்கு உரிமை உள்ள இடமும் அதுவே. என்றாலும் அணையிலிருந்து நன்றாகத் தள்ளி, கீழ்ப்பகுதியிலிருந்தே பிடியுங்கள். வாய்க்காலில் அனுமதி கிடைக்காவிட்டால், பாசன நீர் மீண்டும் ஆற்றில் வந்து சேரும் வாய்க்கு, ஆற்றுப்படுகை வழியாகவே நடந்து போய்ப் பிடிக்கலாம்.

இனி இலையுதிர்காலம். பிரவுனும் புரூக்கும் முட்டையிட இடம்பெயரும் காலமும் மதகு அடைக்கும் காலமும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன. மதகை ஒரே நாளில் இறக்கிவிட்டால், உள்ளே இருக்கும் மீன்கள் குழிகளில் தேங்கி, கொக்குக்கும் ரக்கூனுக்கும் உறைபனிக்கும் இரையாகும். சில நாட்களில் படிப்படியாகக் குறைத்தால் ஒரு பகுதி மேல்நோக்கி நீந்தி ஆற்றுக்குத் திரும்ப வழியுண்டு. நீங்கள் மீன்பிடித்த வாய்க்காலுக்கு நீங்கள் திருப்பிச் செய்யக்கூடியது இதுதான்: அடைக்கும் தேதியைச் செப்டம்பரிலேயே கேட்டு, மெதுவாக இறக்க முடியுமா என்று மரியாதையாக விசாரியுங்கள். தேங்கிய மீன்களைக் கண்டால் நீங்களே வாளியில் அள்ளி ஆற்றில் விட வேண்டாம். உயிருள்ள மீனை அனுமதியின்றி இடம்மாற்றுவது மொன்டானாவில் சட்டவிரோதம், நோய் பரவவும் அது வழியாகும். மாநிலத் துறைக்கும், 1959-இல் தொடங்கப்பட்ட டிரவுட் அன்லிமிடெட் என்ற மீன்வளப் பாதுகாப்பு அமைப்பின் உள்ளூர்க் கிளைக்கும் இடத்தைச் சொல்லுங்கள். மேற்கு மாநிலங்களில் அவ்வமைப்பின் தன்னார்வலர்கள் துறையினருடன் சேர்ந்து, மீனைச் சற்றுநேரம் மயக்கும் மின்கருவியும் வலையும் கொண்டு, வற்றும் வாய்க்கால்களிலிருந்து மீன்களை மீட்டு ஆற்றில் சேர்க்கிறார்கள். நில உரிமையாளரிடம் நல்ல பழக்கம் ஏற்பட்டபின், தலைமதகில் தடுப்புத்திரை பொருத்துவது பற்றியும் பேசலாம்; செலவு முழுவதும் அவர் தலையில் விழாதபடி உதவித்தொகைக்கு வழி உண்டா என்பதை அந்தக் கிளையினரிடமே கேட்டுச் சொல்லுங்கள்.