டபுள் எக்ஸ்போஷர்: காசு கொடுக்குமுன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: ஒருவரின் முகத்துக்குள் காடு விரிவதுபோன்ற டபுள் எக்ஸ்போஷர் படங்களைச் செய்ய ஆசை. ஃபோட்டோஷாப் சந்தா கட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்), லேயர் மாஸ்க் (கறுப்புப் பூசிய இடத்தை அழிக்காமல் மறைக்கும் திரை), ‘ஸ்க்ரீன்’ என்னும் பிளெண்ட் மோட் (லேயர்களைக் கலக்கும் முறை) ஆகிய மூன்றும் இருந்தால் போதும். இலவசமான கிம்ப்பில் மூன்றும் உண்டு. உலாவியிலேயே ஓடும் ஃபோட்டோபியாவிலும் உண்டு. ஓரத்தில் விளம்பரம் வரும், அவ்வளவுதான். ஃபோட்டோஷாப் நன்றாக முந்துவது, பறக்கும் முடியைச் சுற்றி ஆளை வெட்டியெடுப்பதில். தினமும் அந்த வேலை இருப்பவருக்கு அது பெரிய மிச்சம். மாதம் இரண்டு படம் செய்பவர் அதற்காகச் சந்தா கட்டுவது வீண்.

அப்படியும் சந்தா எடுத்தால், ‘ஆண்டு ஒப்பந்தம், மாதத் தவணை’ என்பதையும் ‘மாதாமாதம்’ என்பதையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். முதலாவதில் தவணை குறைவு. ஆனால் பாதியில் நிறுத்தினால் ரத்துக் கட்டணம் கேட்பார்கள்.

கேள்வி: கைபேசி போதாதா?

பதில்: பழகிப்பார்க்கப் போதும். ஸ்னாப்சீடில் டபுள் எக்ஸ்போஷர் கருவி இலவசமாகவே இருக்கிறது. இரண்டாவது படத்தை நகர்த்தலாம், பெரிதாக்கலாம், கலப்பு முறையை மாற்றலாம். கண்ணோரம் நுணுக்கமாக அழிக்க வேண்டும் என்றால்தான் விரல் நுனி பத்தாது.

கேள்வி: இரண்டு படங்களை அடுக்கி மேல் லேயரின் ஒபாசிட்டியை (அடியிலுள்ளதை மறைக்கும் அளவை) 50 சதவீதம் ஆக்கினேன். சாம்பல் பூத்ததுபோல் மங்கிவிட்டது. விலை உயர்ந்த மென்பொருளில் இது சரியாகுமா?

பதில்: ஆகாது. கோளாறு மென்பொருளில் இல்லை. ஒபாசிட்டியைப் பாதியாக்கினால் எந்த மென்பொருளும் இரண்டின் சராசரியைத்தான் போடும். மென்பொருளின் வெளிச்ச அளவுகோலில் வெள்ளை 255, கறுப்பு 0. சராசரி எடுத்தால் 128, அதாவது நடுச் சாம்பல். வெள்ளையும் போயிற்று, கறுப்பும் போயிற்று.

ஃபிலிமில் நடப்பது வேறு. அங்கே ஒரே ஃபிரேமில் இரண்டு முறை படமெடுப்பதால் ஒளியின் மேல் ஒளி சேரும். முதல் முறை இருட்டாக இருந்த இடத்தில்தான் இரண்டாவது காட்சி பதியும். வெளுத்துப்போன இடத்தில் பதிய இடமே இருக்காது. அதற்கு மிக அருகில் வருவது ஸ்க்ரீன் மோட்.

ஆகவே, வெள்ளைப் பின்னணியில் சற்று இருட்டாக எடுத்த முகப்படத்தைக் கீழே வையுங்கள். லெவல்ஸில் (வெளிச்ச அளவைத் திருத்தும் கருவி) வலப்பக்க முக்கோணத்தை இடப்பக்கம் நகர்த்திப் பின்னணியை 255க்குக் கொண்டுவாருங்கள். 235இல் நின்றுவிட்டால் மேலே வரும் காடு பின்னணியிலும் அழுக்குக் கறைபோலத் தெரியும். பலருடைய படம் கெடுவது இந்த இடத்தில்தான். இதனால் முகமும் வெளுக்கிறதென்றால், ஆளைத் தனியாக வெட்டி அடியில் வெள்ளை லேயர் போடுங்கள். பிறகு மரங்களின் படத்தை மேல் லேயராக வைத்து ஸ்க்ரீனுக்கு மாற்றுங்கள்.

இப்போது தலைமுடிப் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிறிய வானம் விழுந்த இடத்தில் முடி கரைந்து பின்னணியோடு கலந்திருக்கும். கறுத்த கிளை விழுந்த இடத்தில் மட்டும் முடியின் கருமை நிற்கும். கிளையே முடியாகிவிடும். இந்தப் படத்தின் அழகு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அதனால் மர உச்சி தலை உச்சிக்கு வரும்வரை இரண்டாவது படத்தை நகர்த்தியும் சுழற்றியும் பார்ப்பதற்கு நேரம் கொடுங்கள். அதே வானம் கன்னத்தில் விழுந்தால் கன்னம் காணாமல்போகும்.

கடைசியாக, மர லேயருக்கு மாஸ்க் சேர்த்து, ஓரம் மென்மையான கறுப்புப் பிரஷை 10 முதல் 20 சதவீத ஒபாசிட்டியில் வைத்துக் கண், மூக்கு, உதடு ஆகியவற்றின் மேல் பலமுறை தடவுங்கள். ஒரே தடவில் முழுதாக அழித்தால் முகம் ஒட்டவைத்ததுபோல் இருக்கும். அழிப்பானைத் தொடாதீர்கள், மாஸ்க் என்றால் வெள்ளைப் பிரஷால் மீட்டுக்கொள்ளலாம். இரண்டு படங்களின் நிறமும் மோதினால் மர லேயரைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

கேள்வி: ‘ஒரே கிளிக்கில் டபுள் எக்ஸ்போஷர்’ என்று ஆக்‌ஷன் தொகுப்புகள் விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆக்‌ஷன் என்பது மேலே சொன்ன படிகளின் பதிவுதான். உங்கள் முகப்படம் எவ்வளவு இருட்டு, வானம் எங்கே விழ வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. வாங்கியே தீர வேண்டும் என்றால் ஃபோட்டோஷாப்பின் எந்தப் பதிப்புக்கு என்று பாருங்கள். கிம்ப்பில் அது ஓடாது. மாதிரிப் படத்திலுள்ள காடும் மலையும் தொகுப்பில் வருகிறதா என்றும் கேளுங்கள், பெரும்பாலும் வராது. இணையத்தில் எடுக்கும் படம் என்றால் உரிமத்தைப் படியுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸில் ‘நோ டெரிவேட்டிவ்ஸ்’ என்றிருந்தால், அதை இன்னொரு படத்தோடு கலந்து வெளியிட முடியாது.

கேள்வி: அச்சடிக்கக் கொடுக்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: 8க்கு 10 அங்குலப் படத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் 2400க்கு 3000 பிக்சல் வேண்டும், சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் கிளைகளின் கூர்மை போய்விடும். திரையின் வெளிச்சம் அதிகமாக வைத்திருந்தால் அச்சு இருண்டு வரும், ஆகவே அதைக் குறைத்துப் பாருங்கள். ஐட்ராப்பரால் (தொட்ட இடத்தின் நிற அளவைக் காட்டும் கருவி) நான்கு மூலைகளையும் தொட்டு 255 காட்டுகிறதா என்று சோதியுங்கள். 250 என்றால் திரையில் வெள்ளையாகத் தோன்றும். தாளில் மெல்லிய சாயம் படிந்து, படத்தைச் சுற்றிச் சதுரக் கோடு தெரியும்.