வாசகர் கேள்வி: ஃபயர்வாலைக் கடக்கும் ஒயர்கள்

கேள்வி: ஆயில் பிரஷரையும் கூலன்ட்டின் வெப்பத்தையும் காட்டும் இரண்டு மீட்டர்களைத் தனியாக வாங்கியிருக்கிறேன். சென்சார்கள் எஞ்சினிலும் மீட்டர்கள் டேஷ்போர்டிலும் அமைய வேண்டும். எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் இரும்புத் தகடான ஃபயர்வாலில் துளை போட்டுத்தான் ஒயரைக் கொண்டுவர வேண்டுமா? மின்சாரத்தை பேட்டரியிலிருந்து நேராக எடுக்கலாமா?

பதில்: துளை போடும் தேவை பெரும்பாலும் வராது. முதலில், எத்தனை ஒயர்கள் அந்தத் தகட்டைக் கடந்தே ஆக வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். மீட்டருக்கு வேண்டிய 12 வோல்ட், எர்த், இரவு வெளிச்சத்துக்கான இணைப்பு ஆகிய மூன்றும் கேபினுக்குள்ளேயே கிடைக்கின்றன. கேபினிலுள்ள ஃப்யூஸ் பெட்டியில், சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஓர் இடத்திலிருந்து, மீட்டரின் கையேடு சொல்லும் சிறிய ஃப்யூஸ் வழியாக இணைப்பு எடுத்துக்கொண்டால், ஃபயர்வாலைக் கடப்பவை சென்சார்களின் மெல்லிய சிக்னல் ஒயர்கள் மட்டுமே. பேட்டரியிலிருந்து நேராக வரும் ஒயரில் வண்டி நிற்கும்போதும் மின்சாரம் இருக்கும். அதன் மேலுறை தகட்டின் விளிம்பில் உராய்ந்து தேய்ந்து, செம்பு பாடியைத் தொட்டுவிட்டால், தடுக்க ஃப்யூஸ் இல்லாத நிலையில் ஒயர் முழுவதும் பழுத்து எரியும். அப்படி எடுத்தே தீர வேண்டுமென்றால், பேட்டரி முனைக்கு மிக அருகிலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும்; மீட்டர் பக்கம் வைக்கும் ஃப்யூஸ் நடுவழியில் உள்ள ஒயரைக் காப்பாற்றாது.

இனி வழி. தொழிற்சாலையிலேயே பொருத்திய பெரிய ஒயர் கட்டு நுழையும் இடத்தில், துளையின் விளிம்பில் ஒயர் உராயாமல் காக்கும் தடித்த ரப்பர் வளையமான குரோமெட் இருக்கும். சில வண்டிகளில் அதன் ஓரத்தில் மூடிய முனையுடன் ஒரு சிறு ரப்பர் காம்பு நீட்டிக்கொண்டிருக்கும். கூடுதல் ஒயருக்கென்றே விடப்பட்ட அதன் நுனியை, ஒயரின் தடிமனைவிடச் சற்றுச் சிறிதாக நறுக்கினால் போதும். அது இல்லையென்றால், ரப்பர் அடைப்பான் போட்டு மூடிய உபயோகமற்ற துளைகளைத் தேடுங்கள். ஒரே பாடியை வெவ்வேறு மாடல்களுக்குப் பயன்படுத்துவதால் இப்படிப்பட்ட துளைகள் பல வண்டிகளில் இருக்கின்றன. இரண்டும் அமையாதபோதுதான் பெரிய குரோமெட்டைக் குத்த வேண்டும். உள்ளிருக்கும் ஒயர் கட்டிலிருந்து நன்கு விலகிய இடத்தில், முனை மழுங்கிய விறைப்பான கம்பியை நுழைத்து, புதிய ஒயரை அதன் நுனியில் டேப்பால் சுற்றி மெதுவாக இழுங்கள். வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோலியக் கிரீஸ் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

துளை போடுவது கடைசி வழி. போடுவதானால், பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு, பிரேக் பூஸ்டரும் ஏசி குழாய்களும் ஹீட்டரும் எங்கே இருக்கின்றன என்பதைத் தகட்டின் இரு பக்கத்திலிருந்தும் பார்த்து உறுதிசெய்த பிறகே டிரில்லைத் தொடுங்கள். விளிம்பை அரத்தால் மழுக்கி, துருத்தடுப்புப் பெயின்ட் பூசி, காய்ந்தபின் சரியான அளவு குரோமெட்டைப் பொருத்துங்கள். வெறும் தகட்டின் வழியே ஒயர் போகவே கூடாது. இதில் நான் எந்தச் சலுகையும் தரமாட்டேன். எந்த வழியில் ஒயர் நுழைந்தாலும் மிச்ச இடைவெளியை சிலிகோன் சீலன்ட் கொண்டு அடைத்துவிடுங்கள்; எஞ்சின் பக்கத்துப் புகையும் நீரும் கேபினுக்குள் வராமல் தடுப்பதும் ஃபயர்வாலின் வேலைதான்.

எஞ்சின் பக்கம் ஒயரை நெளிகுழாயில் இட்டு, எக்ஸாஸ்ட்டிலிருந்தும் இக்னிஷன் காயில்களிலிருந்தும் விலக்கிக் கட்டுங்கள். எஞ்சின் தன் மவுன்ட்டில் ஆடும் என்பதால் சென்சாரருகே சிறிது தளர்வு விடுங்கள். குரோமெட்டுக்குச் சற்று முன்பாக ஒயரைக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். உள்ளே பெடல்களையும் ஸ்டியரிங் தண்டையும் தொடாமல் கட்டுங்கள். மஞ்சள் நிற ஒயர்கள் வழக்கமாக ஏர்பேக்கினுடையவை, அவற்றின் அருகே போகாதீர்கள்.

ஒற்றை ஒயர் சென்சார், தன் மரை வழியாகவே எர்த் பெறுகிறது. அந்த மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் மீட்டர் தவறாகக் காட்டும்.

கேள்வி: மெல்லிய குழாய் வழியே ஆயிலையே டேஷ்போர்டுக்குக் கொண்டுவரும் மெக்கானிக்கல் மீட்டர் நல்லதா?

பதில்: கேபினுக்குள் வேண்டாம். குழாய் விரிசல்விட்டால் கொதிக்கும் ஆயில் ஓட்டுநரின் கால்மீது பீய்ச்சும். கைவசம் இருந்தால், பழுது பார்க்கும்போது பானெட்டுக்கு அடியில் தற்காலிகமாக இணைத்து, எலெக்ட்ரிக் மீட்டர் காட்டும் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பிறகு கழற்றிவிடுங்கள்.