ஜப்பானின் போர்க்காலக் கடன் பத்திரங்கள்

கேள்வி: 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய என் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஜப்பானியர் காலத்து ரூபாய்த் தாள்கள் சில கிடைத்தன. இவைதாம் ஜப்பானின் போர்க் கடன் பத்திரங்களா? அத்தகைய பத்திரங்களைச் சேகரிக்க ஆசை. எதைப் பார்த்து வாங்க வேண்டும்? அவற்றுக்கு இன்று பணம் கிடைக்குமா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: உங்களிடம் இருப்பவை கடன் பத்திரங்கள் அல்ல, ஆக்கிரமிப்புக் காலப் பணத்தாள்கள். பர்மாவில் புழங்கியவற்றில் 'பி' என்ற ஆங்கில எழுத்தும், மலாயாவில் புழங்கியவற்றில் 'எம்' என்ற எழுத்தும் அச்சிடப்பட்டிருக்கும். பர்மாவிலிருந்து வந்தவர்கள் பெருமளவில் குடியேறிய உங்கள் பகுதியில் இத்தாள்கள் வேறு சில வீடுகளிலும் இருக்கக்கூடும். தாத்தாவின் தாள்களைத் தயவுசெய்து விற்றுவிடாதீர்கள்.

கடன் பத்திரங்களோ ஜப்பானுக்குள், அந்நாட்டு மக்களிடம் விற்கப்பட்டவை. 1937-இல் சீனாவுடன் போர் மூண்டபின் சீனப் போர்க் கடன் பத்திரங்களும், 1941 டிசம்பருக்குப் பின் 'மகா கிழக்காசியப் போர்' என்ற பெயர் தாங்கிய பத்திரங்களும் வெளிவந்தன. சிறு தொகைப் பத்திரங்கள் அஞ்சலகங்களிலேயே கிடைத்தன. அக்கம்பக்கக் குடும்பங்களைச் சேர்த்து அரசு அமைத்த குழுக்கள் வழியாக இவ்வளவு வாங்கியாக வேண்டும் என்று பங்கு ஒதுக்கப்பட்டதால், விருப்பமில்லாதவர்களும் மறுக்க முடியவில்லை. போருக்குப் பின் விலைவாசி பல மடங்கு ஏறியதில் அந்தச் சேமிப்பின் மதிப்பு கரைந்தே போயிற்று. ஒரு சாதாரணக் குடும்பத்தின் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு எங்கே போயிற்று என்பதற்கு இந்தக் காகிதமே சாட்சி. இவற்றைச் சேகரிக்கத்தக்கவை என்று நான் கருதுவது அதனால்தான்.

வாங்கும்போது முதலில் ஆண்டைப் பாருங்கள். பேரரசர் ஹிரோஹிட்டோவின் ஆட்சியைக் கொண்டு எண்ணும் ஷோவா ஆண்டுடன் 1925-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும். ஷோவா 17 என்பது 1942. கிடைவரியில் உள்ள தலைப்பை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். மூன்றரை சதவீத வட்டிப் பத்திரங்களில் அரையாண்டுக்கு ஒன்றாக வெட்டிக் கொடுப்பதற்கான வட்டிச் சீட்டுகள் ஒட்டியிருக்கும். அவை எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து விலை பேசுங்கள். ஆனால் தள்ளுபடி விலைப் பத்திரங்களில், அதாவது பத்து யென் பத்திரத்தை ஏழு யென்னுக்கு விற்ற வகையில், வட்டிச் சீட்டே கிடையாது. அது இல்லையென்பது குறையன்று.

பணம் கிடைக்காது. முதலைத் திருப்பிக் கேட்பதற்கான காலக்கெடு என்றோ முடிந்துவிட்டது. மீட்டுத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரிடம் ஏமாற வேண்டாம்.

வடசென்னையின் கடற்காற்றில் பழைய காகிதம் விரைவில் பழுப்பேறும். லேமினேஷன் செய்வதும் கிழிசலில் செலோடேப் ஒட்டுவதும் கூடவே கூடாது. பாலியெஸ்டர் உறையில் ஒவ்வொன்றாக இட்டு, சுவரை ஒட்டாத அலமாரியில் படுக்கைவாட்டில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை நிழலில் பிரித்துக் காற்றாட விடுங்கள்.